கூடப்பிறக்காத தம்பி, தங்கை

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்தைச் சேர்த்து எடுத்திருக்கிறேன். ஐந்தும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைக்கும் தத்தெடுத்து வந்த பிள்ளைக்கும் ஒட்டுதல் எப்படி வரும், எப்போது வரும்? எங்கள் வீட்டில் மகளுக்கு ஒன்பது வயது நடந்தபோது மூன்றரை வயதில் மகன் வந்தான். இருவரும் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அதன் பிறகு பல வருடங்களாக, தத்தெடுக்கக் காத்திருக்கும் பெற்றோரோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். இங்கே சொல்வதெல்லாம் அந்த இரண்டிலிருந்தும் வந்தவை. எங்கள் வீட்டுக் கதையை, பிள்ளைகள் இருவரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. தம்பி வேண்டும், தம்பி வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டவள். ஐந்து மாதம் முன்பு நான்கு வயதுப் பையனைத் தத்தெடுத்தோம். முதல் வாரம் தன் பொம்மைகளை எல்லாம் அவனுக்குத் தூக்கிக் கொடுத்தாள். இப்போது அவன் இருக்கும் அறைக்குள்ளேயே வருவதில்லை. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. விருந்தாளியிடம் பேசுவது போல அளந்து பேசுகிறாள். போன வாரம், "இவன் எப்போம்மா திரும்பப் போவான்?" என்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். என் மகளுக்கு மனதில் ஈரமே இல்லையா?

பதில்: இருக்கிறது, சகோதரி. முதலில் அவளிடம் போய், திட்டியதற்கு வருத்தம் சொல்லுங்கள். "நீ கேட்டது தப்பில்லை, எனக்குப் பயம் வந்துவிட்டது, அதனால் கத்தினேன்" என்று சொன்னால் போதும். மற்றதெல்லாம் அப்புறம்.

அவள் மூன்று வருடமாகக் கேட்ட தம்பி வேறு. அந்தத் தம்பி சொன்னதைக் கேட்பான், அக்கா பின்னாலேயே ஓடி வருவான், அவள் டீச்சராக இருந்தால் அவன் மாணவனாக உட்காருவான். வந்தவன் நான்கு வருட வாழ்க்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன். அவனுக்கென்று ஒரு தூக்கம், ஒரு பயம், ஒரு கோபம் இருக்கிறது. மனதில் வளர்த்த தம்பியைப் பறிகொடுத்துவிட்டு, யாரென்றே தெரியாத இன்னொருவனை உங்கள் மகள் ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஐந்து மாதம் அதற்குப் போதாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகளிடம் 24 வண்ணப் பென்சில்கள் இருந்தன. வெளிறிய நிறத்திலிருந்து அடர் நிறம் வரை வரிசையாக அடுக்கி வைத்திருப்பாள். தம்பி வந்த மூன்றாம் நாள், அவன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் முனையாக அழுத்தி உடைத்தான். 24-ம் காலி. அவள் கத்தவில்லை. உடைந்த முனைகளைக்கூடப் பொறுக்கி டப்பாவில் போட்டாள், நாற்காலி மேல் ஏறி டப்பாவை மேல் தட்டில் வைத்தாள், இறங்கிப் போய்விட்டாள். "எவ்வளவு பொறுமை பாருங்கள்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அது பொறுமை இல்லை, அவள் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று புரிய எனக்கு மாதங்கள் ஆயின.

அமைதியைத் தப்பாகப் படிப்பது நமக்கெல்லாம் சுலபமாக வரும். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், தாயைப் பிரிந்து மருத்துவமனையில் கிடந்த சின்னக் குழந்தைகளைக் கவனித்து, 1952-ல் அதைப் படமாகவே எடுத்துக் காட்டினார். முதலில் அழுவார்கள், பிறகு அடங்கிவிடுவார்கள். "பழகிக்கொண்டது" என்று அங்கிருந்தவர்கள் நிம்மதி அடைந்தார்கள். அது பழக்கம் அல்ல, அழுதும் பயனில்லை என்று குழந்தை ஓய்ந்துபோனது என்றார் அவர். இதை உங்கள் இரண்டு பிள்ளைகளிடமும் வைத்துப் பாருங்கள். புதிதாக வந்த பிள்ளை முதல் சில வாரம் சாதுவாக இருந்துவிட்டு, அப்புறம் அடம், அடி, கடி என்று ஆரம்பிப்பது பல வீடுகளில் நடப்பதுதான். கொஞ்சம் தைரியம் வந்த பிறகுதான் பிள்ளைக்கு அடம் வரும். உங்கள் மகள் விஷயத்திலும் அப்படித்தான், அவளுடைய மரியாதையைக் கண்டு நிம்மதி வேண்டாம்.

சரி, "எப்போ திரும்பப் போவான்?" என்ற கேள்விக்கு வருகிறேன். தம்பியைப் பிடிக்காததால் கேட்டாள் என்று நினைத்தீர்கள். அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அதே வார்த்தைகளுக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கும், அதைப் பிள்ளைகள் நேராகக் கேட்கமாட்டார்கள். ஓர் அம்மாவால் தன் பிள்ளையை விட்டுவிட முடியும் என்பதை உங்கள் மகள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் என் அம்மா? நான் கெட்ட பிள்ளையாக இருந்தால்? ஆகவே அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இரண்டு பேருக்குமானது. "அவன் எங்கேயும் போகமாட்டான். நீயும் எங்கேயும் போகமாட்டாய். நல்ல பிள்ளையாக இருந்தால்தான் இருக்கலாம் என்று இந்த வீட்டில் யாருக்கும் இல்லை." ஒரு முறை சொன்னால் ஒட்டாது. வேறு வேறு நாளில், வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அவளுக்கென்று பூட்டுப் போட்ட ஒரு தட்டு கொடுங்கள். அதில் இருப்பதை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பகிரச் சொன்ன வீடுகளைவிட, சிலவற்றைப் பகிராமல் இருக்க அனுமதித்த வீடுகளில்தான் பிள்ளைகள் தானாகக் கை நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். "நீ பெரியவள், விட்டுக்கொடு" என்ற வார்த்தையைக் கொஞ்ச காலம் வாயிலேயே எடுக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் அவளோடு தனியாக இருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தம்பி பேச்சை நீங்கள் எடுக்கக் கூடாது. அவள் எடுத்தால் கேளுங்கள், அவ்வளவுதான்.

பிறகு ஒன்று. ஜூடி டன், கேரல் கென்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே தொடர்ந்து பார்த்து, 1982-ல் அதைப் பற்றி எழுதினார்கள். வயிற்றில் பிறந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுதான் அது. ஆனாலும் அவர்கள் கண்ட ஒரு விஷயத்தை நான் விடாமல் எல்லாரிடமும் சொல்வேன். பிறந்த குழந்தையைப் பற்றி, "அவனுக்கு என்ன வேண்டுமோ தெரியவில்லையே, ஏன் அழுகிறானாம், உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று மூத்ததிடம் பேசிய அம்மாக்களின் வீட்டில், மாதங்கள் கழிந்தும் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் இணக்கம் கூடுதலாக இருந்தது. பாசமாக இரு என்று சொன்னதால் அல்ல. சின்னதும் ஓர் ஆள், அதற்கும் மனது உண்டு என்று சேர்ந்து யோசித்ததால்.

நான் இதைத் தெரிந்து செய்யவில்லை, வேறு வழியில்லாமல் செய்தேன். என் மகன் வீட்டில் எந்தக் கதவையும் மூட விடமாட்டான். யாராவது குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருப்பான். ஒரு நாள் அலுத்துப்போய் மகளிடம், "ஏன்டி இப்படிச் செய்றான், உனக்கு ஏதாவது புரியுதா?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "மூடினா நாம இல்லாமப் போயிடுவோம்னு நினைக்கிறானோ என்னவோ" என்றாள். மறுநாள் அவள் குளிக்கப் போனபோது உள்ளிருந்து சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. வெளியே தட்டுவது நின்றது. பிறகு தினமும் எண்ணினாள். குரல் கேட்டுக்கொண்டிருக்கும் வரை அவன் கதவில் காதை ஒட்டி, கால்களை நீட்டி உட்கார்ந்திருப்பான். அவன் நூறு வரை எண்ணக் கற்றது அந்த மூடிய கதவுக்கு வெளியேதான். அந்த நாட்களிலும் அவள் அவனைத் தொட்டதில்லை, கொஞ்சியதில்லை, பென்சில் டப்பாவும் மேல் தட்டிலேயே இருந்தது.

ஏழாவது மாதம் என்று நினைக்கிறேன். ஜன்னல் ஓரம் யார் உட்காருவது என்று இருவருக்கும் பெரிய சண்டை. அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். "போடா! இது என் இடம்டா!" என்று அவள் அலறினாள். நான் எழுந்து ஓடப் போனேன். என் கணவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "டா போட்டுட்டா, கேட்டியா?" என்றார். அதுவரை அவனை அவள் முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தாள். முடி இழுபட்டது வலித்திருக்கும், அதற்கு அவனைக் கண்டித்தோம். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

உங்கள் வீட்டில் அந்த "டா" எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அவள் அளந்து பேசிக்கொண்டிருக்கும் வரை அவளை அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: எனக்கு 15 வயது. ஒரு வருடம் முன்பு என் பெற்றோர் ஆறு வயதுப் பெண்ணைத் தத்தெடுத்தார்கள். எனக்கு அவள் மேல் தங்கை என்ற பாசம் வரவே இல்லை. அவள் என்னை அடித்தால்கூட "அவள் கஷ்டப்பட்டு வந்தவள்" என்கிறார்கள். நண்பர்கள் வேறு, அவள் யார், அவளுடைய நிஜ அப்பா அம்மா எங்கே என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? பாசம் வராதது தப்பா?

பதில்: தப்பில்லை, தம்பி. இதை எழுத உனக்கு நிறையத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

நண்பர்கள் விஷயம் முதலில், அது சுலபம். "அது அவளோட விஷயம்டா, அவ பெரியவளாகி அவளே சொல்வா." இந்த ஒரு வரி போதும். எரிச்சலோடு சொல்லாதே, சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போ. அவள் எங்கிருந்து வந்தாள், ஏன் வந்தாள் என்பதெல்லாம் அவளுக்குச் சொந்தமானது. பெற்றோர் உன்னை நம்பிச் சொல்லியிருந்தால் அது உன் கையில் இருக்கும் அடைக்கலப் பொருள். ஒரு முறை வகுப்பில் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அடி வாங்குவதைப் பற்றி: நீ வாங்க வேண்டியதில்லை. அவள் பட்ட கஷ்டம் அவள் ஏன் அடிக்கிறாள் என்பதற்குக் காரணம். நீ பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு அது காரணம் ஆகாது. உன் பெற்றோரிடம், அவள் தூங்கிய பிறகு, சண்டை நடக்காத ஒரு நாளில் பேசு. "அவளைத் திட்டச் சொல்லவில்லை. அவள் அடிக்கும்போது என் பக்கத்திலும் ஒருத்தர் வந்து நில்லுங்கள்" என்று சொல். இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தாலும் சரி. அவர்கள் உன்னைப் பெரியவன் என்று எண்ணி விட்டிருப்பார்கள், மறந்து அல்ல. இதைப் படிக்கும் பெற்றோரும் கேட்டுக்கொள்ளுங்கள். 15 வயதுப் பிள்ளை கேட்காமல் இருப்பதால் அதற்கு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

பாசத்தைப் பற்றிக் கேட்டாய். பாசத்தை வரவழைக்க முடியாது, பழக்கத்தை வரவழைக்கலாம். ராபர்ட் ஸாயன்ட்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் ஒரு விஷயத்தைக் காட்டினார். அர்த்தமே இல்லாத வார்த்தைகளைக்கூட அடிக்கடி கண்ணில் பட வைத்தால், மக்களுக்கு அவற்றைப் பற்றி நல்ல எண்ணம் வருகிறது. மனிதர்கள் வார்த்தைகள் இல்லை, எரிச்சலோடு சேர்ந்து பழகினால் எரிச்சலும் வளரும். ஆகவே எரிச்சல் வராத சின்ன வேலை ஒன்றை எடுத்துக்கொள். வாரத்தில் இரண்டு நாள், கால் மணி நேரம். அவளுக்காகச் செய்யும் வேலையாக இருக்கக் கூடாது, உனக்குப் பிடித்ததை நீ செய்யும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். சைக்கிள் துடைக்கிறாயா, அவள் கையிலும் ஒரு துணியைக் கொடு. பேச வேண்டும் என்றுகூட இல்லை. அவள் எழுந்து போனால் போகட்டும்.

உங்களுக்குள் ஒன்பது வயது வித்தியாசம். அவள் பத்தாவது படிக்கும்போது நீ வேலைக்குப் போயிருக்கலாம். சில அண்ணன்களுக்கு அந்த வயதில்தான் தங்கை கிடைக்கிறாள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தையைத் தத்தெடுத்து இரண்டு மாதம் ஆகிறது. என் 12 வயது மகள் அவளை இறக்கி விடுவதே இல்லை. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவள்தான். விழுந்தால் குழந்தை என்னிடம் வராமல் அக்காவிடம் ஓடுகிறது. எல்லாரும் பாராட்டுகிறார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. இது என் பொறாமையா?

பதில்: பொறாமை கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் உறுத்தல் நியாயமானது. பல கைகளுக்கு மாறி வந்த குழந்தை அது. பசித்தால் யார், வலித்தால் யார், தூக்கம் வந்தால் யார் என்பதற்கு அதன் மனதில் நிலையான ஓரிரு முகம் பதிய வேண்டும். அந்த முகம் நீங்களும் உங்கள் கணவருமாக இருக்க வேண்டும். அதனால்தான் தத்தெடுப்பு ஆலோசகர்கள் பலர், முதல் சில மாதங்களுக்கு ஊட்டுதல், குளிப்பாட்டுதல், தூங்க வைத்தல், அழுகையை அமர்த்துதல் நான்கையும் பெற்றோரே செய்யச் சொல்கிறார்கள்.

மகளிடம் பிடுங்காதீர்கள், மாற்றிக் கொடுங்கள். விளையாட்டு முழுக்க அவளுடையது என்று சொல்லிவிடுங்கள். துணியால் முகத்தை மறைத்து எட்டிப் பார்ப்பது, கட்டைகளை அடுக்கித் தள்ளுவது, கூட ஆடுவது. சிரிக்க வைக்கும் ஆளாக அக்கா இருக்கட்டும். குழந்தை விழுந்து அக்காவிடம் ஓடினால், "அம்மாகிட்ட போலாம் வா" என்று தூக்கி வந்து உங்கள் மடியில் வைக்கச் சொல்லுங்கள், அவளும் பக்கத்தில் உட்காரட்டும்.

இன்னொன்றும் என் மனதில் இருக்கிறது. 12 வயதில் ஒரு தாயின் வேலையைச் சுமப்பவள் ஒரு நாள் களைத்துப்போவாள். தோழிகளோடு போக ஆசை வரும், குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழும். அப்போது அவளுக்கு வரும் குற்ற உணர்ச்சியை இப்போதே தவிர்த்துவிடலாம். "தங்கையைப் பார்த்துக்கொள்ளாமல் நீ சும்மா இருந்தாலும் எனக்கு உன்னைப் பிடிக்கும்" என்று அவள் காதில் ஒரு முறை போட்டு வையுங்கள். நம் மனதைக் கவரத்தான் சில பிள்ளைகள் இவ்வளவு உழைக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் மூத்த மகனும் தத்தெடுத்தவன்தான், இப்போது ஏழு வயது. தங்கை வந்ததிலிருந்து மறுபடி படுக்கையை நனைக்கிறான், மழலையில் பேசுகிறான். நேற்று, "என்னையும் இப்படித்தான் வந்து பார்த்தீங்களா?" என்று கேட்டான். என்ன சொல்வது?

பதில்: "ஆமாம், இப்படித்தான்" என்று தொடங்கிச் சொல்லுங்கள். தன் கதையை இவ்வளவு நாள் காதால் கேட்டவன், இப்போது கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கிறான். தங்கை அழும்போது தானும் இப்படி அழுதிருப்பேன் என்று தெரிகிறது. அவனை முதலில் பார்த்த அன்று அவன் என்ன உடை போட்டிருந்தான், யார் கையில் இருந்தான், உங்கள் விரலைப் பிடித்தானா, முகத்தைத் திருப்பிக்கொண்டானா, நினைவிருப்பதை அப்படியே சொல்லுங்கள். அழகாக்க வேண்டாம். திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்லுங்கள்.

மழலைக்கும் படுக்கைக்கும் திட்ட வேண்டாம். மடியில் கொஞ்ச நேரம் குழந்தையாக இருந்துவிட்டுப் போகட்டும், பெரும்பாலும் தானாகக் குறையும். குறையாமல் நீண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். தங்கை ராத்திரி பயந்து அழுதால், "உனக்கு ஏதாவது தெரியுமா, என்ன செய்தால் நன்றாக இருக்கும்?" என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் அதைச் சொல்லத் தகுதி உள்ளவன் அவன் ஒருவன்தான்.

கேள்வி: என் எட்டு வயதுப் பேரனிடம் "இவள் உன் கூடப்பிறந்த தங்கை" என்று சொன்னேன். "நான் அம்மா வயித்துல பிறந்தேன், அவ பிறக்கலையே தாத்தா" என்கிறான். நான் என்ன பதில் சொல்வது?

பதில்: "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லுங்கள், ஐயா. அந்தச் சொல்லைக் குழந்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டிருக்கிறான், அதில் தங்கை மேல் வெறுப்பு எதுவும் இல்லை. என் மகளும் இதே இடத்தில் மாட்டிக்கொண்டாள். பள்ளியில் "கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று படிவத்தில் இருந்த கட்டத்தை நிரப்பாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த "பிறந்த" என்பதை அடித்து, மேலே "வளர்ற" என்று எழுதி, பக்கத்தில் 1 என்று போட்டாள். நான் திருத்தவில்லை. ஆசிரியையும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை போகும்போது இருவருக்கும் ஒரே அளவில் வாங்கிப் போங்கள். கொடுத்துவிட்டு, பேரனை மட்டும் தனியாக ஒரு நடை கூட்டிக்கொண்டு போங்கள். தங்கை பேச்சை அவன் எடுத்தால் பேசலாம்.